தொண்டர்க்கும் ஒரு நாள்



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் பார்வைக்குச் சிறியது. ஒரு காசு சம்பளம் வாங்காமல், ஊரையும் உறவையும் விட்டுவிட்டு, ஒரு கப்பலில் தங்கித் தொண்டு செய்கிறார் ஒருவர். குளிர்காலத்தில் அவருடைய பிறந்தநாள் வருகிறது. அதைக் கொண்டாடலாமா? நோயாளிகள் நிறைந்த கப்பலில் கேக் வெட்டுவது முறையா? தன்னை மறந்து உழைக்க வந்தவர் தன் பிறந்த தேதியை நினைத்துக்கொண்டிருக்கலாமா? என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொண்டாடத்தான் வேண்டும். அவருக்காக மற்றவர்கள் கொண்டாட வேண்டும். தொண்டுக்கு நடுவே கிடைக்கும் இளைப்பாறல் என்று அதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கப்பல் எந்த வேலைக்காகக் கடலில் இறங்கியதோ, அந்த வேலையிலேயே அதுவும் சேர்த்தி. இதைத்தான் இன்று உங்கள் முன் நிலைநாட்ட வந்திருக்கிறேன்.

எந்தக் கப்பலைச் சொல்கிறேன்? மெர்சி ஷிப்ஸ் என்ற மருத்துவத் தொண்டு நிறுவனத்தை டான் ஸ்டீபன்ஸ், டேயான் ஸ்டீபன்ஸ் தம்பதியர் 1978-இல் தொடங்கினார்கள். பழைய பயணிகள் கப்பல் ஒன்றை வாங்கி, அதற்குள் மருத்துவமனை கட்டினார்கள். பிறகு டென்மார்க்கில் ரயில்களையே ஏற்றிக் கடல் கடத்திய ஒரு பெரும் படகை மாற்றி அமைத்து, 2007 முதல் ‘ஆப்பிரிக்கா மெர்சி’ என்ற பெயரில் ஓட்டினார்கள். மூன்றாவது வகை முயற்சிதான் ‘குளோபல் மெர்சி’. மருத்துவமனையாகவே திட்டமிட்டு, சீனாவின் தியான்ஜினில் கட்டி, 2021-இல் கையில் வாங்கிய கப்பல் அது. நீளம் 174 மீட்டர். பன்னிரண்டு தளங்கள், ஆறு அறுவை அரங்குகள், ஏறத்தாழ இருநூறு நோயாளிப் படுக்கைகள். செனகலின் டாக்கர் துறைமுகத்தில் நின்றது. பிறகு சியரா லியோனின் ஃப்ரீடவுனுக்கு வந்தது. ஒரு துறைமுகத்தில் மாதக்கணக்காக நின்று, உதட்டுப் பிளவு, கண்புரை, வளைந்த கால்கள், தீக்காயத்தில் ஒட்டிச் சுருங்கிய கைகள், முகத்தையே மறைத்து வளர்ந்த தாடைக் கட்டிகள் என்று வரிசையில் வருகிறவர்களுக்கு இலவசமாக அறுவை செய்கிறார்கள்.

அந்தக் கப்பலில் வேலை செய்கிறவர்கள் யார்? அறுவை மருத்துவர் மட்டும் அல்ல. கப்பலின் தலைவர், என்ஜின் அறைப் பணியாளர், சமையல்காரர், குழந்தைகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர், துணி துவைக்கிறவர் எல்லோரும் தொண்டர்கள். சம்பளம் கிடையாது என்பதோடு முடியவில்லை. விமானக் கட்டணம் அவர்களுடையது. கப்பலில் தங்கிச் சாப்பிடுவதற்கும் மாதாமாதம் ஒரு தொகையை அவர்களே கட்டுவது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. தங்கள் செலவுக்கான பணத்தை ஊரில் உறவினரிடமும் தேவாலயத்திலும் நண்பர்களிடமும் திரட்டிக்கொண்டு வருகிறவர்கள் பலர். சிலர் சில வாரங்கள் இருப்பார்கள். சிலர் குடும்பத்தோடு வந்து ஆண்டுக்கணக்காக அங்கேயே வாழ்வார்கள். உழைப்பையும் கொடுத்து, கைப்பணத்தையும் செலவிடுகிறவர்களைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்; செலவு என்ற கேள்வி வரும்போது தேவைப்படும்.

இனி குளிர்காலத்துக்கு வருவோம். கனடாவிலோ நார்வேயிலோ ஜனவரியில் பிறந்த ஒருவருக்குப் பிறந்தநாள் என்றால் வாசலில் பனி, ஜன்னலுக்கு வெளியே நாலு மணிக்கே இருட்டு, உள்ளே அடுப்புச் சூடு, சுற்றிலும் வீட்டார். அதே ஜனவரியில் ஃப்ரீடவுன் எப்படி இருக்கும்? மழைக்காலம் ஓய்ந்து வறட்சிக்காலம். சஹாராவிலிருந்து ஹார்மட்டான் என்ற வறண்ட காற்று புழுதியைச் சுமந்துகொண்டு இறங்கும். வானம் மங்கும், உதடு வெடிக்கும், மேல்தளக் கம்பியில் விரலை வைத்தால் மெல்லிய செம்மண் ஒட்டும். நாட்காட்டி ஜனவரி என்கிறது. உடம்பு ஒப்புக்கொள்ள மறுக்கிறது. ஆண்டெல்லாம் வராத வீட்டு நினைவு அன்றைக்கு வந்து மோதுகிறது. டிசம்பர் கடைசியில் பிறந்தவர் பாடு இன்னும் கொஞ்சம் கடினம். அவருடைய நாள் கிறிஸ்துமஸ் விழாவுக்குள் கரைந்துபோகும். அதைத் தனியாக நினைவு வைக்க வேண்டிய அம்மாவும் தங்கையும் கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள்.

கப்பல் வாழ்க்கை ஒரு மனிதரை என்ன செய்கிறது என்று சற்று நின்று பார்க்க வேண்டும். கப்பலில் ஏறியதும் முதலில் கிடைப்பது ஓர் அடையாள அட்டை. அதில் பெயர் இருக்கும், கூடவே வேலையும் இருக்கும். அன்றிலிருந்து அவர் மூன்றாம் தளத்து வார்டு செவிலியர், அவர் என்ஜின் அறை எலக்ட்ரீஷியன், அவர் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு கழுவுகிறவர். தனியாக வந்தவருக்கு முழு அறை கிடைப்பதும் அரிது. பகிர்ந்துகொள்ளும் கேபினில் ஒரு படுக்கை, ஒரு திரை, ஓர் அலமாரி. நண்பராகி நாலு வாரம் ஆவதற்குள் ஒருவர் மூட்டை கட்டிக்கொண்டு விமான நிலையம் போகிறார். அதே படுக்கைக்கு வேறொருவர் வருகிறார். இடம் காலியாக இருப்பதில்லை, ஆள்தான் மாறிக்கொண்டே இருக்கிறது. வேலை நடக்க இது அவசியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாற்றாள் எப்போதும் தயாராக இருக்கும் இடத்தில், ‘என் வேலைதான் இங்கே தேவை, நான் தேவையில்லை’ என்ற எண்ணம் மெதுவாக மனத்தில் வேர்விடும். பிறந்தநாள் என்பது என்ன? ஒருவர் எதைச் செய்தார் என்று பாராமல், அவர் இருக்கிறார் என்பதற்காக மட்டும் மகிழ்கிற நாள். அன்று அவருக்குக் கிடைப்பது உழைப்புக்கான பாராட்டு அல்ல. பாராட்டுக்கு வேறு நாட்கள் உண்டு.

அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். கப்பலில் கேபினுக்குள் மெழுகுவத்தி ஏற்ற முடியாது; தீ என்பது கப்பலின் முதல் எதிரி. இசையைச் சத்தமாக வைக்க முடியாது. இரவுப் பணி பார்த்த செவிலியர் பகலில் பக்கத்துக் கேபினில் தூங்கிக்கொண்டிருப்பார். கடைக்குப் போய் விரும்பியதை வாங்குவதும் எளிதல்ல. மிஞ்சுவது கதவு. கேபினின் இரும்புக் கதவில், ஆள் தூங்கும்போதோ பணியில் இருக்கும்போதோ, தோழர்கள் வண்ணக் காகிதம் வெட்டி ஒட்டிவிடுகிறார்கள். கையால் எழுதிய வாழ்த்துகள், பழைய பத்திரிகையிலிருந்து வெட்டிய படங்கள், வெள்ளைக் காகிதத்தில் கத்தரித்த பனித் துகள்கள். நடைபாதையில் போகிறவர் நின்று பேனா எடுத்து இரண்டு வார்த்தை சேர்த்துவிட்டுப் போவார். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் இரவு கேபின் வாசலில் காலணியை வைப்பதும், அதில் மற்றவர்கள் சின்னச் சின்னப் பரிசுகளைப் போட்டுவிட்டுப் போவதும் இந்தக் கப்பல்களில் நன்றாக ஊன்றிவிட்ட வழக்கம். செலவு எவ்வளவு? காகிதமும் பசையும்தான். ஆனால் நேற்று வரை எண் எழுதியிருந்த கதவு அன்றைக்கு ஓர் ஆளின் கதவாகிவிடுகிறது.

இது இந்தக் காலத்து மென்மை, முன்னோர்கள் இப்படியெல்லாம் குழையவில்லை என்று யாராவது சொல்லக்கூடும். அப்படியானால் நூறாண்டுக்கு முன் போவோம். 1911 ஜூன் 6. அண்டார்க்டிகாவில் ஜூன் நடுக்குளிர்காலம். சூரியன் மறைந்து வாரங்கள் ஆகிவிட்டன. டெர்ரா நோவா கப்பலில் வந்து, ராஸ் தீவின் கேப் எவன்ஸ் கரையில் மரக்குடில் அமைத்துத் தங்கியிருந்தது, தென்துருவம் நோக்கிச் சென்ற ராபர்ட் ஸ்காட்டின் குழு. அன்று ஸ்காட்டுக்கு நாற்பத்து மூன்று வயது நிறைந்தது. தானே மறந்திருக்கக்கூடிய நாளைத் தன் ஆட்கள் மறக்கவில்லை என்று அவர் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். சமையல்காரர் கிளிசோல்ட் பெரிய கேக் ஒன்றைச் செய்து, மேலே சாக்லேட்டாலும் பாகில் ஊறவைத்த பழங்களாலும் அலங்கரித்து, கொடிகளும் ஸ்காட்டின் புகைப்படங்களும் வைத்தார். இரவு விருந்து நடந்த மேசையை ஹெர்பர்ட் பாண்டிங் படம் பிடித்தார். இன்றும் அந்தப் படம் இருக்கிறது. அந்தக் குழுவில் இருவர் நம் பொருளுக்கு மிக நெருக்கமானவர்கள். லாரன்ஸ் ஓட்ஸும் ஆப்ஸ்லி செரி-காரார்டும் ஆளுக்கு 1,000 பவுண்டு பயண நிதிக்குக் கொடுத்துவிட்டு வேலைக்கு வந்தவர்கள். பணமும் கொடுத்து உழைப்பும் கொடுக்கும் வழக்கம் ஃப்ரீடவுனில் தொடங்கியது அல்ல என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

‘தலைவரின் பிறந்தநாளை யார்தான் கொண்டாடமாட்டார்கள், அது எப்படிச் சான்றாகும்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால் தலைவர் அல்லாத ஒருவரைக் காட்டுகிறேன். 1893-இல் நார்வே நாட்டு ஆய்வாளர் நான்சென், தன்னையும் சேர்த்துப் பதின்மூன்று பேராக, ‘ஃப்ராம்’ கப்பலில் நார்வேயிலிருந்து புறப்பட்டார். வடதுருவக் கடலின் பனிக்கட்டிக்குள் கப்பலை வேண்டுமென்றே சிக்கவைத்து, பனி நகரும் திசையிலேயே மிதந்து போவது திட்டம். அதில் சேர எத்தனை ஆவல் என்றால், ராணுவ அதிகாரியாக இருந்த யால்மார் யோஹான்சென், வேறு இடம் இல்லை என்றதும் கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போடும் வேலைக்குச் சம்மதித்து ஏறினார். செப்டம்பர் கடைசியில் கப்பல் பனியில் இறுகியது. செப்டம்பர் 29 அன்று அந்தக் கப்பலில் முதல் பெருவிருந்து நடந்தது. யாருக்காக? மருத்துவர் பிளெஸ்ஸிங்கின் பிறந்தநாளுக்காக. அன்றுதான் வட அட்சரேகை 79 பாகையையும் தாண்டியிருந்தார்கள்; அந்த மகிழ்ச்சியும் சேர்ந்துகொண்டது. ஐந்து வகை உணவு, இசை, முறையாக எழுதிய உணவுப் பட்டியல். கரையில் ஒரு பெரிய விடுதியில் நடப்பது போல எல்லாம். தலைவரும் கரி அள்ளியவரும் அந்தக் கப்பலில் ஒரே மேசையில்தான் சாப்பிட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, பதின்மூன்று பேரும் உயிரோடு 1896-இல் ஊர் திரும்பினார்கள்.

இதைச் சொன்னதும், கொண்டாட்டம்தான் அவர்களைக் காப்பாற்றியது என்று நான் முடிவு கட்டப்போவதில்லை. அது உண்மையாகாது. நல்ல உணவு இருந்தது, குளிர் புகாத சுவர்கள் இருந்தன, காற்றாலை சுழற்றிய மின்விளக்கு இருந்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத் தெற்கே பனியில் சிக்கிய ‘பெல்ஜிகா’ கப்பலில் ஸ்கர்வி நோய் வந்தபோது, மருத்துவர் குக் பெங்குவின் இறைச்சியையும் சீல் இறைச்சியையும் வற்புறுத்தி ஊட்டித்தான் ஆட்களைத் தேற்றினார், வெறும் களியாட்டம் ஸ்கர்வியைத் தீர்க்காது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. முதல் விருந்துக்கு உரியவரான அதே பிளெஸ்ஸிங், ஃப்ராமில் நோயாளிகளே இல்லாமல் சோர்ந்து, கடைசியில் மார்ஃபின் பழக்கத்துக்கு ஆளானார். என் வாதத்துக்கு இது எதிர்ச்சான்றா? ஆம், ஓரளவுக்கு. ஒருநாள் விருந்து ஒரு மனிதரைத் தாங்கிவிடாது என்று இது காட்டுகிறது. ஆனால் அவருக்கு எது இல்லாமல் போனது என்று பாருங்கள். தோழமை இருந்தது, தேவைப்படுகிற வேலை இல்லை. இன்றைய மருத்துவக் கப்பலில் நிலைமை தலைகீழ்: வேலைக்குக் குறைவே இல்லை, ‘நீ இருப்பதே எங்களுக்கு மகிழ்ச்சி’ என்ற சொல்தான் எளிதில் கிடைப்பதில்லை. இரண்டில் ஒன்று போனாலும் மனிதர் தளர்வார். எது குறைகிறதோ அதைக் கொடுக்க வேண்டும்.

இப்போது மிகக் கனமான மறுப்புக்கு வருகிறேன். தளத்துக்குக் கீழே ஒரு குழந்தை முகத்தில் கட்டோடு வலியில் படுத்திருக்கிறது. மேலே நீங்கள் பாட்டுப் பாடலாமா? இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களை நான் மதிக்கிறேன். அவர்கள் மனம் நோயாளியின் பக்கம் நிற்கிறது. ஆனால் அந்த வார்டுக்குள்ளேயே என்ன நடக்கிறது என்று அவர்கள் பார்க்க வேண்டும். நீண்ட பிரசவ வேதனையில் குழந்தையும் இறந்து, உள்ளே ஓட்டை விழுந்து, சிறுநீர் அடங்காமல் ஒழுகும் நிலைக்கு ஆளான பெண்கள் அங்கே வருகிறார்கள். ஃபிஸ்டுலா என்பது அந்த நோயின் பெயர். கணவர் விலகியிருப்பார், ஊர் ஒதுக்கியிருக்கும். அறுவை முடிந்து தேறியதும் அந்தப் பெண்களுக்கு ஒரு விழா எடுக்கிறார்கள். புதுத் துணி உடுத்தி, தலையில் அழகாகத் துணி சுற்றி, முகத்துக்கு ஒப்பனை செய்து, மேளத்தோடு வார்டுக்குள் அழைத்து வருகிறார்கள். அவர்கள் ஆடுகிறார்கள், செவிலியர்களும் சேர்ந்து ஆடுகிறார்கள். ஒவ்வொருவரும் எழுந்து தன் கதையைத் தன் வாயால் சொல்கிறார்.

இந்த விழா மருத்துவ முறையில் எந்த அத்தியாயத்தில் வருகிறது? தையல் பிரித்தாயிற்று, ஒழுகுவது நின்றாயிற்று, வீட்டுக்கு அனுப்பிவிடலாமே? ஏன் அனுப்பவில்லை? ஓட்டையை மூடியதோடு வேலை முடியவில்லை என்பது அவர்களுக்குத் தெரிகிறது. ஆண்டுக்கணக்காக மனிதராகவே எண்ணப்படாத ஒருத்தியை, பலர் நடுவில், மனிதராக வரவேற்க வேண்டியிருக்கிறது. தாடைக் கட்டியோடு வருகிறவருக்கும் அதுதான் முதல் மருந்து: மற்றவர்கள் முகம் திருப்பிய இடத்தில் ஒருவர் நேராகக் கண்ணைப் பார்ப்பது. இந்தப் பார்வை எங்கே பழகுகிறது? அது தானாக வருமா? கூடப் படுக்கும் தோழியின் பெயர் தெரியும், பிறந்தநாள் தெரியாது. அவள் நாளும் கடந்துபோனது, யாரும் கவனிக்கவில்லை. அப்படி ஒரு கப்பலில் இருந்துகொண்டு, வார்டுக்குள் நுழைந்ததும் மட்டும் அந்தப் பார்வையை எடுத்து அணிந்துகொள்ள முடியுமா? உப்பு கரைந்த நீர் பானை முழுவதும் உப்பாகத்தான் இருக்கும். நடைபாதையில் எப்படிப் பார்க்கிறோமோ, படுக்கை அருகிலும் அப்படித்தான் பார்ப்போம். கதவில் காகிதம் ஒட்டும் கையும், புதுத் துணியின் மடிப்பைச் சரிசெய்யும் கையும் ஒரே கை.

நம் ஊரில் பலர் பிறந்தநாளன்று ஆதரவற்றோர் இல்லத்துக்குப் போய் ஒருவேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டுகிறார்கள். அருமையான வழக்கம், வளரட்டும். அதை வைத்து ஒருவர் கேட்கலாம்: ‘கப்பலில் கொண்டாட்டத்துக்குச் செலவாகும் காகிதத்துக்கும் மாவுக்கும் சர்க்கரைக்கும் உரிய பணத்தை நோயாளிக்குத் தரலாமே?’ ஆண்டு முழுவதையும் ஏற்கெனவே கொடுத்துவிட்ட ஒருவரிடம் போய், அந்த ஒரு மாலையையும் கொடு என்று கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. முன்பே சொன்னேன், அவர் தன் கைப்பணத்தையும் செலவிட்டு வந்தவர். நன்கொடையாளரின் பணத்தில் அவர் விருந்து வைக்கவில்லை.

எண்ணிக்கையை வைத்து ஒரு மறுப்பு உண்டு. கப்பலில் 730 பேர் இருந்தால், சராசரியாக ஒரு நாளைக்கு இரண்டு பிறந்தநாள் வரும். தினமும் விழாவா? வேலை எப்போது? இதற்கு என் பதில், கப்பல் முழுவதும் கொண்டாட வேண்டாம் என்பதுதான். ஒலிபெருக்கியில் பெயர் படித்துக் கைதட்டி முடிப்பதை நான் கொண்டாட்டமாகவே எண்ணவில்லை. அது பட்டியல் வாசிப்பு. கேபினில் இருப்பவர்கள், ஒரே பணிநேரத்தில் வேலை பார்ப்பவர்கள், பக்கத்து மேசையில் சாப்பிடுபவர்கள், ஐந்தாறு பேர் போதும். ஃப்ராமில் மொத்தமே பதின்மூன்று பேர் என்பதால்தான் அந்த விருந்துக்குச் சுவை. பெரிய கப்பலுக்குள் சிறிய ஃப்ராம்களை உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

‘எனக்கு வேண்டாம்’ என்கிறவர்களை என்ன செய்வது? சிலருடைய சமயம் பிறந்தநாள் கொண்டாட்டத்தை ஏற்காது. சிலருக்கு அந்தத் தேதியோடு ஒரு துக்கம் ஒட்டியிருக்கும். பல நாட்டவர் வாழும் கப்பலில், பிறந்த தேதியே பதிவாகாத ஊர்களில் பிறந்தவர்களும் இருப்பார்கள். துறைமுக நாட்டிலிருந்து கூலிக்கு வந்து உடன் உழைக்கும் மொழிபெயர்ப்பாளர்களும் உதவியாளர்களும் இருக்கிறார்கள். வற்புறுத்தி மகிழ்ச்சியூட்டுவது ஒருவகைக் கொடுமை. எனவே முதலில் கேட்க வேண்டும். கப்பலில் சேரும்போதே, பிறந்த தேதி என்ன என்று படிவம் கேட்கிறது; அந்த நாளை எப்படிக் கழிக்க விரும்புகிறீர்கள் என்று ஒரு தோழர் கேட்கட்டும். தனியாக மேல்தளத்தில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்றால், அந்த ஒரு மணி நேரப் பணியை இன்னொருவர் வாங்கிக்கொள்ளட்டும். அதுவும் கொண்டாட்டமே. தேதி தெரியாதவர், தனக்குப் பிடித்த நாளைத் தானே சொல்லட்டும். துறைமுக ஊழியரின் நாளும் அதே கவனத்தைப் பெறட்டும். அவருக்கு மட்டும் விட்டுப்போனால், இதுவரை நான் சொன்ன எல்லாம் பொய்.

கடைசியாக, உங்களில் சிலருக்கு ஒரு வேண்டுகோள். இந்த மண்டபத்தில் செவிலியர் மாணவிகள் பலர் இருக்கிறீர்கள். நாளை உங்களில் யாராவது இப்படிப்பட்ட கப்பலில் ஏறலாம், அல்லது உங்கள் பிள்ளையை ஏற்றி அனுப்பலாம். அனுப்புகிற வீட்டாருக்கு ஃப்ராமிலிருந்து ஒரு வழி இருக்கிறது. 1893 கிறிஸ்துமஸ் மாலை, பனிக்கு நடுவே, ஸ்காட் ஹான்சென் என்ற இளம் அதிகாரி இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்று அவருடைய தாய் கொடுத்தனுப்பியது, மற்றொன்று அவரை மணக்க இருந்த பெண் கொடுத்தனுப்பியது. திறந்து பார்த்தால் உள்ளே அவருக்கு மட்டும் பரிசு இல்லை. புகைக்குழாய், கத்தி என்று கப்பலில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒன்று இருந்தது. அந்த இரு பெண்களும் கப்பல் கிளம்பும் முன்பே உட்கார்ந்து, முன்பின் தெரியாத மாலுமிகளையும் எண்ணிப் பார்த்துக் கட்டிவைத்த பெட்டிகள் அவை. ஆப்பிரிக்கத் துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்கு அஞ்சல் போய்ச்சேர வாரக்கணக்கில் ஆகலாம். ஆகவே ஜனவரியில் வரும் பிறந்தநாளுக்குப் பெட்டியை அவர் கிளம்பும்போதே பையில் வைத்துவிடுங்கள். அதில் உங்கள் பிள்ளைக்கு ஒன்று. அதே கேபினில் படுக்கும், உங்களுக்குப் பெயர் தெரியாத மற்றவர்களுக்கும் ஆளுக்கு ஒன்று.